செங்கல்லும் கருங்கல்லும்

விடுதி நினைவுகளை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள், நீ ஒரு வரலாற்றுக் கட்டுரை தா என்றார்கள் மலர்க் குழுவினர். எனக்கு ஊர் கறம்பக்குடி, படித்தது சிவில். ஆகவே கட்டடத்தைப் பற்றித்தான் எழுத வரும்.

ஜும்மாப் பள்ளிவாசல் என்றதும் நம் மனசில் வருவது கும்பமும் மினாராவும்தான். ஆனால் தமிழகத்தின் பழைய கல் பள்ளிவாசல்கள் பலவற்றில் கும்பமே கிடையாது. ஏன்?

பாரசீகத்தில்...

ஈரானின் இஸ்பஹான் நகரத்து ஜும்மாப் பள்ளி 8ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. பரப்பு 20,000 சதுர மீட்டருக்கும் மேல். 1086-87ல் செல்ஜுக் அமைச்சர் நிஜாமுல் முல்க் தெற்கே ஒரு பெரிய செங்கல் கும்பம் எழுப்பினார். அவருக்குப் போட்டியாளரான தாஜுல் முல்க் சும்மா இருப்பாரா? அடுத்த ஓரிரு ஆண்டில் வடக்கே இன்னொன்று எழுப்பிவிட்டார்! பின்னர் நடு முற்றத்தின் நாலு பக்கமும் 'ஐவான்' எனப்படும், முன்புறம் திறந்த, வளைவுக் கூரை மண்டபங்கள் வந்தன.

சதுர அறைமேல் வட்டக் கும்பம் எப்படி உட்காரும்? மூலைக்கு மூலை வளைவு கட்டிச் சதுரத்தை எட்டுப் பட்டையாக்கினார்கள். அதைப் பதினாறாக்கி, அதற்கு மேல் வட்டம். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைவில் பாரம் அமுக்கமாகவே இறங்குவதால் மரமும் இரும்பும் இல்லாமலே கூரை நிற்கிறது.

குதிரை வந்த வழி

பாரசீகம் நமக்கு அந்நியமல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் ஒப்புக்கொண்டிருந்ததை வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியரிடம் அமைச்சராகவே இருந்தார். காயல் துறைமுகம் அவர் பொறுப்பில்.

ஆனால் குதிரையோடு கும்பம் வந்து இறங்கவில்லை. கீழக்கரை ஜும்மாப் பள்ளியைப் பாருங்கள். 'செத்தும் கொடுத்தவர்' என்று நாம் சொல்லும் வள்ளல் சீதக்காதியோடு சேர்த்துப் பேசப்படும் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே நுழைந்தால் நம் புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் மண்டபம் போலவே வரிசை வரிசையாகக் கல் தூண், மேலே போதிகை, உத்தரம், தட்டையான கல் கூரை. ஒரு வித்தியாசம், உருவச் சிற்பம் கிடையாது. அதன் இடத்தில் பூவும் கொடியும். மேற்கே மக்காவை நோக்கி மிஹ்ராப் மாடம். தொழுகை முறை அரபு நாட்டிலிருந்து வந்தது. கட்டிய கை நம்மூர்க் கல்தச்சர் கை.

இங்கேயும் கணக்கு இருக்கிறது. கருங்கல் உத்தரம் பாரத்தில் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுவைக்கு உள்ளாகி வெடிக்கும். அதனால்தான் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. போதிகை வெறும் அலங்காரமில்லீங்க. தூணின் தலையை இருபுறமும் நீட்டி, உத்தரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைக்கிறது. அங்கே செங்கல்லுக்கு வளைவு, இங்கே கருங்கல்லுக்குப் போதிகை. இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் கையிலிருந்த பொருளை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்.

நம் கவலை

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. ஊர் பெருகிவிட்டது. வெள்ளிக்கிழமை இடம் போதவில்லை. "பழசை இடிச்சுட்டு காங்கிரீட்ல கும்பம் வெச்சுக் கட்டிடலாமே" என்கிறார்கள். இடம் வேண்டும் என்பது நியாயமான தேவைதான். பழைய சத்திரம், சாவடி, கோயில் மண்டபங்களுக்கும் இதே நிலைமைதான். இடிக்கலாமா என்று முதலில் கேட்பது நம்மைப் போன்ற என்ஜினீயர்களைத்தான்.

இஸ்பஹான் பள்ளிக்கும் இடம் போதாமல் போனது, 12ஆம் நூற்றாண்டில் தீயும் பிடித்தது. ஒவ்வொரு தலைமுறையும் இருந்ததோடு புதியதைச் சேர்த்தது. 1310ல் ஒரு சுல்தான் சேர்த்த சுதை மிஹ்ராப் இன்றும் இருக்கிறது. 2012ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியதற்கு, பன்னிரண்டு நூற்றாண்டுக் கட்டடக் கலையை ஒரே இடத்தில் படிக்க முடிகிறது என்பதும் ஒரு காரணம்.

நாமும் அப்படிச் செய்யலாம். புதிய கூடத்தைத் தனி அஸ்திவாரத்தில் பக்கத்தில் கட்டலாம். கல் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிக்காமல் தடுக்கலாம். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு உங்கள் ஊர்ப் பழைய கட்டடம் ஒன்றை, எந்த மதத்தினுடையதானாலும் சரி, டேப் வைத்து அளந்து, தூணுக்குத் தூண் வரைபடமாக்கி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். கட்டடத்தின் அளவு கையில் இருந்தால்தான் நாளைக்கு ஜமாஅத்திடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் "இடிக்காமலே முடியும்" என்று கணக்கோடு பேச முடியும்.