இருப்பியலில் இன்மை: ஃபிரைபர்க் முதல் கெய்ரோ வரை

இருப்பியல் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் 'சூனியவாதம்', 'விரக்தி' என்ற முத்திரைகள் நம்மிடையே குத்தப்பட்டு விடுகின்றன. அத்தத்துவத்தின் நடுவே நிற்கும் 'இன்மை' என்ற சொல்லே இதற்குக் காரணம். அச்சொல் வந்த வழியை நோக்கினால் இம்முத்திரை பொருந்தாதென்பது தெரியவரும்.

1929 ஜூலை 24ஆம் திகதி, ஜேர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஹைடெகர் தமது பேராசிரியர் பதவியேற்புரையை நிகழ்த்தினார். விஞ்ஞானம் உள்ளவற்றை ஆராய்கிறது. அதற்கப்பால் ஒன்றுமில்லை என்கிறது. அந்த 'ஒன்றுமில்லை' என்பது என்ன? அவர் எழுப்பிய வினா இதுதான். அச்சத்துக்கு ஒரு பொருளுண்டு: பாம்பு, நோய், பகைவன். மனப்பதற்றத்துக்கு அப்படி எதுவுமில்லை. எதற்குக் கலங்கினாய் என்று பின்னர் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்கிறோம். அந்த ஒன்றுமில்லாமையையே அப்போது எதிர்கொண்டோம் என்றார் ஹைடெகர்.

வியன்னா வட்டத்தின் ருடோல்ஃப் கார்னப் இதனைச் சும்மா விடவில்லை. 'ஒன்றுமில்லை' என்பது ஒரு பொருளின் பெயரல்ல, வெறும் மொழி மயக்கம் என 1930களின் தொடக்கத்தில் எழுதினார். தர்க்கப்படி அது சரியே. ஆயினும், மனிதனால் எவ்வாறு 'இல்லை' என்று சொல்ல முடிகிறது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

அக்கேள்வியைத் தொடர்ந்தவர் சார்த்தர். 1940 ஜூனில் ஜேர்மன் படையிடம் பிடிபட்டு, ட்ரியர் நகர முகாமில் இருந்தபோது உடனிருந்த பாதிரிமாருக்கு அவர் ஹைடெகரை விளக்கினார். 1941இல் விடுதலையாகி, 1943இல், ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில், 'இருப்பும் இன்மையும்' என்ற எழுநூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். அதில் ஒருவர் நண்பன் பியேரைச் சந்திக்கக் கஃபேக்குச் செல்கிறார். பியேர் இல்லை. கண்ணாடிகள், புகை, முகங்கள் யாவும் பின்னணியாகிக் கரைய, பியேரின் இன்மையே முன்னால் நிற்கிறது. வெலிங்டன் பிரபுவும் அங்கே இல்லைதான். ஆனால் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆக, இன்மை தானாகக் கிடப்பதன்று. எதிர்பார்க்கும் மனிதன் வழியாகவே உலகுக்குள் வருகிறது. உள்ளதை, 'இது இப்படியே இருக்கவேண்டியதில்லை' என்று மறுக்கும் ஆற்றலும் அதுவே. சார்த்தர் சுதந்திரம் என்றது இதனைத்தான். இதில் விரக்தி எங்கே இருக்கிறது? (ஹைடெகரோ 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பது தனிக்கதை.)

நம்மவர் அதிகம் பேசாத ஒரு கிளையும் இதற்குண்டு. எகிப்தியரான அப்துர் ரஹ்மான் பதவீ (1917-2002), சார்த்தரின் புகழ் அரபுலகை எட்டுமுன்பே, ஹைடெகரைக் கற்று 'இருப்பியல் காலம்' என்ற ஆய்வை 1944இல் கெய்ரோவில் கலாநிதிப் பட்டத்துக்காகச் சமர்ப்பித்தார். இன்மைக்கு அரபியில் புதுச்சொல் தேடவேண்டியிருக்கவில்லை. வுஜூத், அதம் என்ற இணை, கலாம் அறிஞரும் ஸூபிகளும் நூற்றாண்டுகளாய்க் கையாண்டதே. 1947இல் அவர் இருப்பியலுக்கும் தஸவ்வுஃபுக்கும் உறவு கண்டு எழுதினார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஃபனாவில் 'நான்' கரைவதற்கு இறைவன் இருக்கிறான். சார்த்தரின் மனிதனுக்குக் கரையுமிடம் கிடையாது. பதவீ இதனை அறியாதவரல்லர். 1966இல் பெய்ரூட்டில் 'அல்-வுஜூத் வல்-அதம்' என்ற பெயரில் வெளிவந்த சார்த்தர் நூலின் அரபு மொழிபெயர்ப்பு அவருடையதே.