கடவூர் தேவாங்கு சரணாலயம்

கடவூர் தேவாங்கு சரணாலயம் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் எல்லையில் உள்ள வறண்ட மலைக்காடுகளை உள்ளடக்கியது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் இதை அறிவித்தது. பரப்பு 11,806 ஹெக்டேர்; ஏறத்தாழ 118 சதுர கிலோமீட்டர். அறிவிப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலும் கரூர் மாவட்டத்தின் கடவூர் வட்டத்திலும் இது பரவியுள்ளது. மலைகளின் வடமேற்கில் குஜிலியம்பாறையும் தெற்கில் அய்யலூரும் இருக்கின்றன. மலைகள் வளைத்து நிற்கும் பள்ளத்தாக்கில் கடவூர் இருக்கிறது.

தமிழ்நாட்டில் காட்டுயிர்ச் சுற்றுலா என்றால் முதுமலையின் யானையும் வேடந்தாங்கலின் பறவையுமே பலருக்கும் நினைவுக்கு வரும். குஜிலியம்பாறைச் சுற்றுவட்டாரத்தில் கடலில்லை, பெரிய அருவியில்லை, புலியுமில்லை. கால் கிலோ எடைகொண்ட ஒரு விலங்குக்காக, உழவும் மேய்ச்சலும் நடக்கும் ஊர்களை ஒட்டிய முட்காட்டைச் சரணாலயமாக்கியிருக்கிறார்கள். இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்பில் இது அரிய முடிவு. பெருவிலங்கு இல்லாத வறள்காடும் காக்கத் தக்கதே என்பதை ஓர் அரசாணை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காடு

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நிலம் இது. மலைச்சரிவுகளில் உசில், வெள்வேல், கிளுவை, விடத்தலை, இலந்தை, கள்ளி ஆகியவை அடர்ந்திருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி இலையுதிர்ந்து சாம்பல் நிறமாகத் தெரிவதால் வெளியூர்க்காரர் இதைத் தரிசு என்று எண்ணிவிடுவதுண்டு. வருவாய்த்துறைப் பதிவேடுகளிலும் இத்தகைய நிலங்கள் பல இடங்களில் புறம்போக்கு என்றோ தரிசு என்றோதான் இருக்கின்றன. ஆனால் முள்ளும் பின்னலுமாகக் கிடக்கும் இந்தப் புதர்தான் தேவாங்குக்கு வீடு. பகலில் அது உறங்க முட்பின்னல் வேண்டும். இரவில் இரைதேட, ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தொடர்ச்சி வேண்டும்.

தேவாங்கு

இங்கு வாழ்வது சாம்பல் தேவாங்கு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் இனம் இது. இதன் உறவான செந்தேவாங்கு இலங்கைக்கு மட்டுமே உரியது. வால் கிடையாது. குச்சி போன்ற கைகால்கள், முகத்தை நிறைத்த உருண்டைக் கண்கள். குரங்குக்கும் மனிதனுக்கும் தொலைதூர உறவான முதனி இது. குரங்கைப்போல் தாவுவதில்லை, கிளையை இறுகப் பற்றிப் பற்றி ஓசையின்றி நகரும். கிளை அறுபட்ட இடத்தில் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். சாலையில் அடிபடுவதும் நாய்களிடம் சிக்குவதும் அங்கேதான்.

உணவு பெரும்பாலும் பூச்சிகள். எறும்பு, கரையான், வண்டு, வெட்டுக்கிளி என எல்லாவற்றையும் பிடித்துத் தின்னும். மற்ற விலங்குகள் ஒதுக்கும் காரமும் நஞ்சுமுள்ள பூச்சிகளையும் விடுவதில்லை. பயிரைக் கடிப்பவையும் அவற்றுள் உண்டு. ஆகவே தோட்டத்துக்கு வரும் தேவாங்கு உழவருக்கு உதவியே செய்கிறது. ஐந்தரை மாதச் சூலுக்குப் பின் ஒரு குட்டியோ இரட்டைக் குட்டிகளோ பிறக்கும். சில வாரங்கள் சென்றதும் தாய் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரைதேடிச் சென்று விடியும் முன் திரும்பும். தேவாங்குகள் ஒன்றையொன்று அழைப்பது நீண்ட சீட்டியொலியால். காட்டோர வீடுகளில் படுத்திருப்பவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள். பறவையென்று நினைத்திருக்கவும் கூடும்.

இந்த மலைகளுக்கு அறிவியல் உலகில் பெயர் கிடைத்தது 1990களின் இறுதியில். அன்னா நெகாரிஸ், சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங் ஆகிய ஆய்வாளர்கள் அய்யலூர்க் காடுகளில் இரவிரவாக நடந்து தேவாங்கின் வாழ்வைப் பதிவு செய்தார்கள். தேவாங்கின் சமூக வாழ்க்கை, உணவு, குட்டி வளர்ப்பு பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றில் கணிசமான பங்கு திண்டுக்கல் முட்காட்டிலிருந்து போனது. உள்ளூர்ப் பள்ளிப் பாடங்களில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

நம்பிக்கையும் வேட்டையும்

தேவாங்கைக் கண்டால் கெட்ட சகுனம் என்றொரு நம்பிக்கை உண்டு. அதன் கண்ணிலும் உடலிலும் மருந்தும் மாந்திரீக ஆற்றலும் இருப்பதாக நம்பிப் பிடித்துக் கொல்வதும் நடந்திருக்கிறது. குறிசொல்வதற்காகக் கூண்டில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோன காலமும் இருந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். மருந்தென்று சொல்லப்படுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இந்த நம்பிக்கையை மாற்றுவதில் வழக்குகளைவிடப் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் சாதிப்பார்கள் என்றே இதை எழுதுபவர் கருதுகிறார்.

உயிர்வேலி

சரணாலய எல்லை வரைபடத்தில் முடிகிறது. தேவாங்கின் நடமாட்டம் அங்கே முடிவதில்லை. காட்டோரத் தோட்டங்களிலும் பட்டா நிலங்களிலும் அது வாழ்கிறது. இந்த வட்டாரத்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளுவைக் குச்சியை நட்டு வேலி வளர்த்தவர்கள். கிளுவை தழைத்து, கோவையும் பிரண்டையும் படர்ந்து, ஆள் உயரச் சுவராகிவிடும். ஆடு நுழையாமல் தடுக்கும் அதே வேலி, காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே தேவாங்குக்கு நடைபாதையாகிறது. கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்தால் அந்தப் பாதை அறுந்துவிடும். நிலம் மனைகளாகப் பிரியும்போது முதலில் வெட்டப்படுவதும் வேலிதான். புதிய சரணாலயத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை உயிர்வேலி வைத்திருக்கும் உழவருக்கு ஊக்கத்தொகையாகத் தந்தால், காவலர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

மந்தையும் விழாவும்

இந்த நிலத்தின் பண்பாடும் மேய்ச்சலிலிருந்து பிறந்ததே. குஜிலியம்பாறை, கடவூர், தரகம்பட்டிப் பகுதிகளில் வாழும் கம்பளத்து நாயக்கர்கள் நடத்தும் மாலை தாண்டும் விழா இதற்குச் சான்று. சலகெருது எனப்படும் சாமி மாடுகளைப் பல ஊர் மந்தைகளிலிருந்து ஓட்டிவருவார்கள். அவை ஏரிலோ வண்டியிலோ பூட்டப்படுவதில்லை. உருமி முழங்க, தேவராட்டம் ஆட, மாடுகள் திடலின் எல்லையை நோக்கி ஓடும். முதலில் எல்லை தாண்டும் மாட்டுக்கு மஞ்சள்பொடி தூவி வரவேற்பு, பரிசாக எலுமிச்சம்பழம். பணமுடிப்பு இல்லாத அந்தப் பரிசுக்கு மந்தைக்காரர்கள் தரும் மதிப்பு பெரிது. மாட்டை அடக்குவது இங்கு நோக்கமன்று.

மேய்ச்சல் நிலமில்லாமல் சாமி மாடு இல்லை. சாமி மாடு இல்லாமல் விழா இல்லை. ஆகவே மேய்ப்பவரைக் காட்டின் எதிரியாக நடத்தும் பாதுகாப்பு இங்கே நிலைக்காது. ஆட்டு வணிகத்துக்குப் பெயர்பெற்ற அய்யலூர் வாரச்சந்தையும் இதே மேய்ச்சல் வாழ்வின் மறுமுனை.

சுற்றுலாவும் இருட்டும்

சரணாலயம் என்றதும் விடுதி கட்டும் பேச்சு எழும். அதற்கு முன் கடற்கரையில் கற்றதை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, இரவில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சமுள்ள திசையைக் கடலென்று நம்பி ஊரும். விடுதியும் சாலையும் விளக்கெரித்தால் அது கரைப்பக்கம் போய்ச் சாகும். எனவே ஆமைப் பருவத்தில் விளக்கணைப்பதே ஒரு கடற்கரை விடுதி செய்யக்கூடிய முதல் நற்செயல். 

தேவாங்குக்கும் இருட்டே வாழ்வு. அதன் கண்ணில் வெண்விளக்கைப் பாய்ச்சினால் திகைத்து நின்றுவிடும். ஆய்வாளர்கள் விளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு நடந்தது அதனால்தான். ஜீப்பில் கூட்டமாக வந்து ஒளிபாய்ச்சிப் படமெடுக்கும் சுற்றுலாவை இங்கே அனுமதிக்கக் கூடாது. வனத்துறை வழிகாட்டியுடன் சிலர் மட்டும் காட்டோரம் நடப்பது, உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டிலேயே தங்குவது, கம்பஞ்சோறும் முருங்கைக்கீரையும் உண்பது, வழிகாட்டும் வேலையை மேய்ப்பவரின் பிள்ளைகளுக்கே தருவது என்ற அளவில் நின்றால் ஊருக்கும் வருமானம் கிடைக்கும், காடும் தாங்கும். பெருவிடுதியின் மதிற்சுவர் வேலியை அறுக்கும், அதன் விளக்கு இரவை அறுக்கும்.

செல்லும் வழி

திண்டுக்கல், கரூர் ஆகிய இரு நகரங்களிலிருந்தும் குஜிலியம்பாறைக்குப் பேருந்துகள் உண்டு. கரூர் - திண்டுக்கல் ரயில் பாதையில் பாளையம் நிலையம் அருகில் இருக்கிறது. தெற்குப் பகுதிக்குத் திருச்சி - திண்டுக்கல் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள அய்யலூர் வழியாகச் செல்லலாம். காட்டுக்குள் நுழைய வனத்துறையின் முன் அனுமதி தேவை. மழைக்குப் பிந்திய மார்கழி, தை மாதங்களில் காடு பசுமையாக இருக்கும்.