சட்டை சொன்ன சாட்சி: யூஸுப் வரலாறு குர்ஆனிலும் ஆதியாகமத்திலும்

பல வருடங்களுக்கு முன், நான் படிப்பித்த பாடசாலையில் கிறிஸ்தவ சமய பாடம் எடுத்த டீச்சர் ஒருவர் என்னிடம் கேட்டார். “சேர், யோசேப்பை மயக்கப் பார்த்த அந்தப் பொம்பிளைக்கு எங்கட பைபிளில பேர் இல்ல. போத்திபாரின்ட மனிசி எண்டுதான் கிடக்கு. உங்கட குர்ஆனில அவவுக்குப் பேர் என்ன?”

நான் யோசிக்கவே இல்லை. “ஸுலைஹா” என்றேன். உம்மும்மாவின் மடியில் படுத்துக் கேட்ட பெயர். “எந்த இடத்தில இருக்கு?” என்றார். 12ஆம் அத்தியாயமான ஸூறா யூஸுபைப் புரட்டினேன். 111 வசனங்கள். இரண்டு தரம் பார்த்தேன். அஸீஸின் மனைவி என்றிருக்கிறது. அவர் தங்கியிருந்த வீட்டின் பெண் என்றிருக்கிறது. ஸுலைஹா இல்லை. அன்று எனக்கு வந்த வெட்கத்திலிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது.

ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) மறைந்த இமாம் தபரி தமது தப்ஸீரில் அவளுக்கு ராஈல் என்ற பெயரைப் பதிகிறார். பின்வந்த தப்ஸீர்களில் ஸுலைஹாவும் வருகிறாள். அப்பெயரை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தவர்கள் பாரசீகக் கவிஞர்கள், குறிப்பாக 1483இல் ‘யூஸுப் வ ஸுலைஹா’வைப் பாடிய ஜாமி. முதுமையடைந்தவள் மீண்டும் இளமை பெற்று யூஸுப் நபியை (அலை) மணக்கிறாள் என்ற முடிவு அந்த மரபுக்குரியது. குர்ஆன் அதைச் சொல்லவில்லை. ஆதியாகமத்தில் அவர் மணப்பது ஓன் நகரத்துக் குருவின் மகள் ஆஸ்நாத்தை. நம் கிஸ்ஸாக்களும், சாரணபாஸ்கரனின் ‘யூஸுப் ஜுலைகா’ காப்பியமும் இந்த நீண்ட மரபின் தமிழ்க் கிளைகள்தாம். உம்மும்மா பொய் சொல்லவில்லை. வேதத்தையும் கிஸ்ஸாவையும் ஒரே மூச்சில் சொன்னார், அவ்வளவுதான்.

இந்தப் பெயருக்கு இன்னொரு பயணமும் உண்டு. 1833இல் ஆபிரகாம் கைகர் என்ற ஜெர்மன் யூத அறிஞர், நபியவர்கள் யூத மதத்திலிருந்து எவற்றையெல்லாம் எடுத்தார்கள் என்று காட்டப் புறப்பட்டு ஒரு நூல் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1898இல் அச்சானது சென்னையில்தான். நகரத்துப் பெண்கள் யூஸுபின் அழகைக் கண்டு மலைத்துத் தம் கைகளையே வெட்டிக்கொண்ட நிகழ்ச்சி (12:31) ஆதியாகமத்தில் இல்லை. அதற்கு யூத மூலமாகக் கைகர் காட்டியது ‘ஸெஃபர் ஹய்யாஷார்’ என்ற ஹீப்ரு நூலை. அந்நூலின் கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1625இல் வெனிஸ் நகரில் அச்சானது, குர்ஆன் அருளப்பட்டு ஆயிரம் வருடங்கள் கழித்து! அதில் போத்திபாரின் மனைவிக்குப் பெயர் ஸெலிகா. வேறு யார், நம் ஸுலைஹாதான்.

இதை வைத்துக்கொண்டு, எல்லாமே நம்மிடமிருந்துதான் போயிற்று என்று மார்தட்டவும் வழியில்லை. கை வெட்டிய கதை மித்ராஷ் தன்ஹூமா என்ற யூதத் தொகுப்பிலும் உண்டு. அதன் பகுதிகள் பல நூற்றாண்டுகளில் சேர்ந்தவை. எது முந்தியது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. யூதரும் முஸ்லிம்களும் ஒரே நகரங்களில் கலந்து வாழ்ந்த நூற்றாண்டுகளில் கதைகள் இரு பக்கமும் நடந்திருக்கின்றன. யார் யாரிடம் எடுத்தார் என்ற விசாரணையிலேயே நின்றுவிட்டால், இரண்டு நூல்களும் கதையை எப்படிச் சொல்கின்றன என்பதைப் பார்க்க நேரமிருக்காது. நானும் சில காலம் அப்படித்தான் நின்றிருந்தேன்.

பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தபோது என் கண்ணில் பட்டது சட்டை.

ஆதியாகமத்தில் உடை இரண்டு தரம் பொய் சொல்கிறது. சகோதரர்கள் யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவர, யாக்கோபு அதை நம்பிவிடுகிறார். துஷ்ட மிருகம் தின்றுவிட்டது என்று அழுகிறார். பின் எகிப்தில், யோசேப்பு விட்டுவிட்டு ஓடிய வஸ்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் குற்றம் சாட்டுகிறாள். கணவன் கோபங்கொண்டு அவரைச் சிறையில் தள்ளுகிறான்.

குர்ஆனில் சட்டை பொய் சொல்வதே இல்லை. இரத்தம் பூசிய சட்டையைக் கண்ட யஃகூப் நபி (அலை) ஏமாறவில்லை. இது உங்கள் மனம் புனைந்த காரியம் என்று சொல்லி அழகிய பொறுமையில் நிற்கிறார் (12:18). அஸீஸின் வீட்டிலே சட்டை பின்பக்கம் கிழிந்திருக்கிறது. அவள் குடும்பத்து ஆள் ஒருவரே, முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது மெய் என்று வழி காட்டுகிறார். கணவனுக்கும் உண்மை விளங்கிவிடுகிறது. கடைசியில் யூஸுபின் சட்டையை முகத்தில் போட்டதும், துயரத்தால் வெளுத்துப்போன தகப்பனின் கண்களுக்குப் பார்வை திரும்புகிறது.

இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் சும்மா இருக்கவில்லை. “சேர், யாக்கோபு ஏன் ஏமாந்தார் எண்டு 27ஆம் அதிகாரத்தையும் பாருங்க” என்றார். பார்த்தேன். அங்கே யாக்கோபு தன் அண்ணன் ஏசாவின் உடையை உடுத்து, வெள்ளாட்டுக் குட்டித் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, கண் மங்கிய தகப்பன் ஈசாக்கை ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்குகிறார். உடையும் ஆடும் பிற்காலத்தில் அவரையே திருப்பி ஏமாற்றுகின்றன. அந்நூலுக்கு அதன் கணக்கு உண்டு. நபிமார் பாவத்திலிருந்து பாதுகாக்கப்பட்டோர் என்று நம்பும் நமக்கு அக்கணக்கு பொருந்தாது; யஃகூப் நபியைப் பற்றி அப்படியொரு நிகழ்ச்சி குர்ஆனில் இல்லை. ஆனாலும் அந்தப் பின்னலை நான் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

மேடைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு ஒப்பீடு, யூஸுப் காலத்து ஆட்சியாளரைக் குர்ஆன் ‘மலிக்’ (மன்னர்) என்கிறது, பைபிளோ ‘பார்வோன்’ என்கிறது என்பது. அரண்மனையைக் குறித்த அச்சொல் மன்னரைக் குறிக்கத் தொடங்கியது ஏறத்தாழ கி.மு. 15ஆம் நூற்றாண்டில் என்பது சரிதான். சுவையான கவனிப்பு. ஆனால் யூஸுப் நபியின் காலம் திட்டமாக நிறுவப்படாத நிலையில் அதையே இறுதித் தீர்ப்பாக்குவது அவசரம். ஆதியாகமமும் 40ஆம் அதிகாரத்தில் ‘எகிப்தின் ராஜா’ என்று சொல்கிறதே!

எனக்குப் பெரிதாகப் படுவது சிறைக் கதவு. ஆதியாகமத்தில் பார்வோன் அழைத்ததும் அவசரமாக வெளியே கொண்டுவருகிறார்கள். யோசேப்பு சவரம் பண்ணி, உடை மாற்றி, சந்நிதிக்கு வருகிறார். குர்ஆனில் அவர் வர மறுக்கிறார். கைகளை வெட்டிக்கொண்ட பெண்களின் விசயம் என்ன என்று முதலில் உங்கள் எஜமானனிடம் கேளும் என்று தூதரைத் திருப்பி அனுப்புகிறார் (12:50). மன்னர் விசாரிக்க, அஸீஸின் மனைவியே எழுந்து, தவறு என்னுடையது, அவர் உண்மையாளர் என்று ஒப்புக்கொள்கிறாள். அதன் பிறகே வருகிறார். பொய்ப் பழியோடு வாழ்ந்த எவரும் அந்த மறுப்பின் கனத்தை அறிவார்.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப எங்கட யோசேப்பின்ட பேரை ஒருத்தரும் துடைக்கேல்லையா?” என்று கேட்டார். பானபாத்திரக்காரனிடம், தான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று அவர் தானே சொல்லும் இடத்தைக் காட்டினேன். “அது அவர் சொல்றது. அவ சொன்னாவா?” என்று கேட்டுக்கொண்டு போனவர், இரவு கடைசி அதிகாரம் மட்டும் வாசித்துவிட்டு மறுநாள் வந்தார்.

“ஓம் சேர். ஒரு வரியும் இல்ல.”