மட்டாஞ்சேரியில் நிழற்படத் தடை: காரணங்களும் பண்பாட்டுப் பின்புலமும்

முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனை, பழையன்னூர் பகவதி கோயில், பரதேசி யூதர் தொழுகைக்கூடம் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்துள்ளன. மூன்றிலும் நிழற்படக்கருவிக்கு நெடுங்காலம் தடை இருந்துள்ளது. அறிவிப்புப் பலகையின் வாசகம் ஒன்றாயினும் அதன் பின்னுள்ள காரணம் ஒன்றன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

அரண்மனை: பாதுகாப்பு நோக்கு

போர்த்துக்கீசியர் ஏறத்தாழ 1555இல் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்த அரண்மனை இது. பின்னர் 1663இல் டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என வழங்கலாயிற்று. 1951இல் மைய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகளும் கீழ்த்தள அறைகளில் சிவன், மோகினி, கண்ணன் முதலியோர் உருவங்களும் தீட்டப்பெற்றுள்ளன.

இங்கு நிலவிய தடைக்கு ஓவியப் பாதுகாப்பே காரணமாகக் கூறப்பட்டது. ஒளியால் வண்ணம் மங்குதல் உண்மையே. ஆயினும் அச்சேதம் படிப்படியாகச் சேர்வது. நாள்தோறும் எரியும் விளக்கொளியோடு ஒப்பிட, நொடிப்பொழுது ஒளிர்வின் பங்கு சிறிதே. 2018 சூலை 12இல் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் நிழற்படம் எடுக்கப் பொதுவாக இசைவளித்தது. அசந்தா குகைகள், லே அரண்மனை, தாசுமகாலின் கல்லறைப் பகுதி ஆகிய மூன்று மட்டுமே விலக்காயின. மட்டாஞ்சேரி அப்பட்டியலில் இல்லை. அரசின் தடை மாற்றத்தக்க நிருவாக விதியே என்பது இதனாற் புலனாகும்.

கோயில்: புனித நோக்கு

அரண்மனை முற்றத்திலுள்ள பகவதி, கொச்சி அரச குடும்பத்தின் குலதெய்வம். கேரளக் கோயில்களில் உட்புறத்தைப் படமெடுத்தல் வழக்கமன்று. இங்குக் காப்பது வண்ணத்தையன்று, சந்நிதியின் தூய்மையை. தமிழகத்திலும் 2022 திசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களில் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு அறநிலையத்துறைக்கு ஆணையிட்டபோது தூய்மையையும் புனிதத்தையுமே காரணமாகச் சுட்டியது.

தொழுகைக்கூடம்: மாந்தர் மதிப்பு

பரதேசி யூதர் தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பெற்றது. உருவ வழிபாட்டு மறுப்பே அங்கிருந்த தடைக்குக் காரணம் எனல் பொருந்தாது. 1937இல் மானிடவியலார் டேவிட் மாண்டல்பாம் கொச்சி யூதரை அசைபடத்தில் பதிவுசெய்துள்ளார். தீமூட்டல், எழுதுதல் முதலியன விலக்கப்பட்ட ஓய்வுநாளில் படமெடுத்தலும் கூடாது என்பது யூத மரபு. எனினும் அது ஒரு நாளைக்கு மட்டுமே பொருந்தும் விளக்கம். 1948இல் இசுரேல் நாடு அமைந்தபின் கொச்சி யூதருள் மிகப்பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சிய சிலரின் தொழுகையிடமும் தெருவும் சுற்றுலாக் காட்சிப்பொருளாயின. தொழுவோர் சிலராகவும் பார்ப்போர் பலராகவும் ஆன சூழலில், அத்தடை அச்சமுதாயத்தின் தன்மதிப்புக் காப்பாகவும் அமைந்தது எனக் கருதலாம்.

ஆவணமாக்கமும் தடையும்

இத்தடைகள் ஆய்வுக்கு முட்டுக்கட்டையா என்பது தமிழாய்வாளர்க்குரிய வினா. ஏறத்தாழ கி.பி. 1000இல் பாசுகர இரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதைப் போற்றிக் காத்தோர் கொச்சி யூதரே. அதன் வாசகம் ஆய்வுலகுக்குக் கிடைத்துள்ளது. அதன் படிவம் 2017இல் இந்தியப் பிரதமரால் இசுரேல் பிரதமருக்கு அளிக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் எசு.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த சோழர் ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படவில்லை. எனினும் பி.எசு. சிறீராமனின் நூல்வழி 2011இல் தொல்லியல் துறை அவற்றை வெளியிட்டது. காப்போர் இசைவுடன் செய்யும் ஆவணமாக்கமும் வருவோர் எடுக்கும் படமும் வேறுவேறு என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்தும்.

முடிவுரை

அரண்மனையில் பொருளும், கோயிலில் புனிதமும், தொழுகைக்கூடத்தில் மாந்தரும் காக்கப்பட்டமை மேலே காட்டப்பட்டது. முதலாவதை அறிவியல் கொண்டு மறு ஆய்வு செய்யலாம். ஏனைய இரண்டையும் உரியோர் இசைவாலன்றித் தளர்த்தல் இயலாது. ஆகவே, களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் தடை உண்டா என வினவுவதோடு அமையாமல், அது எதனைக் காக்கிறது என்பதையும் அறிந்து செயற்படல் வேண்டும்.