பஸ் ஏன் பெரிய ரோட்டோட நின்னுடுது?

பதுளை டவுன்ல இருந்து பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஸ்பிரிங்வெலி பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் புலம்பல் புதுசில்லை. பஸ் சொன்ன நேரத்துக்கு வராது. வந்தாலும் புட்போர்ட்டில்தான் இடம். பின்னேரம் கடைசி பஸ்ஸை விட்டுட்டா திரீவீலுக்குக் கொடுத்தே கைக்காசு கரைஞ்சிடும். இதுக்கெல்லாம் மேல, பஸ் பெரிய ரோட்டோட நின்னுடும்; அங்கிருந்து லயத்துக்கு நடைதான். நாமளும் டிரைவரையும் கொண்டக்டரையும் திட்டிட்டு விஷயத்தை முடிச்சிடுறோம். ஆனால் பஸ் நிற்கிற அந்த இடத்தை யார் முடிவு பண்ணினாங்க என்று தேடினால், கதை நூறு வருஷத்துக்கும் பின்னால் போகிறது.

ஊவாத் தோட்டங்களுக்கான பாதைகள் முதலில் ஆட்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. மாட்டு வண்டியில் கோப்பி மூட்டைகளை மலையிறக்கச் செலவும் காலமும் அதிகம் என்று துரைமார் ரயில் கேட்டார்கள். ரயில் 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. அதற்குள் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. தோட்டத்துக்குள்ளே போட்ட ரோட்டுகளும் அதே கணக்குதான்: மலையிலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து பெரிய ரோட்டுக்கு. லயத்துப் பிள்ளை எப்படி ஸ்கூலுக்குப் போகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

தொழிலாளி தோட்டத்தை விட்டு நகராமல் இருப்பதுதான் அன்றைய ஏற்பாட்டுக்கு வசதி. கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. அதன் பிறகும் உள்ளே கூட்டம் போட வந்த தொழிற்சங்கக்காரர்கள் மேல் அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. தோட்டத்து ரோட்டு, துரையின் வீட்டு முற்றம் மாதிரி.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. பதுளை அதில் ஒன்று. அடுத்த வருஷமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஒரு இடமும் இல்லை. ஓட்டில்லாத லயத்துக்கு ரோட்டுக் கேட்டு எந்த எம்.பி. பேசுவார்?

இந்த நிலைமையில்தான் 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசாங்கம் எடுத்து இ.போ.ச.வை உருவாக்கியது. லாபம் வருகிற பாதையின் பணத்தில் நட்டப் பாதையிலும் பஸ் ஓட்டலாம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் சிவப்பு பஸ்ஸும் பொது ரோட்டு முடிகிற இடத்தில்தான் நின்றது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அப்போது பஸ்ஸும் அரசாங்கத்துடையது, தோட்டமும் அரசாங்கத்துடையது. இருந்தும் ரோட்டு மட்டும் தோட்ட ரோட்டாகவே இருந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் திரும்பவும் தனியார் கம்பனிகளுக்குப் போனது.

இடையில், 1979இல், தனியார் பஸ்ஸுக்கு மறுபடி வழி திறந்தார்கள். தனியார் பஸ்ஸின் வருமானம் அன்றன்றைய கலெக்‌ஷன். அதனால் சீட் நிறையும்வரை ஸ்டாண்டில் நிற்பதும், பிறகு முன்னால் போகிற பஸ்ஸை விரட்டிப் பிடிப்பதும், ஆள் குறைந்த மாலை ட்ரிப்பை வெட்டுவதும் நடக்கிறது. டிரைவர் மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. பிள்ளைகளின் இ.போ.ச. சீசன் டிக்கட்டும் தனியார் பஸ்ஸில் செல்லாது.

பஸ் போக ரோட்டு திருத்தணும் என்று பிரதேச சபையிடம் போனவர்களுக்குக் கிடைத்த பதில், தோட்டத்துக்குள் எங்களால் செலவு செய்ய முடியாது என்பதுதான். அது வெறும் சாக்கு இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. தோட்ட மக்களுக்கும் பிரதேச சபை சேவை செய்யச் சட்டத்தில் இப்போது இடமிருக்கிறது.

அதனால் கேட்கவேண்டியதை, கேட்கவேண்டிய இடத்தில் கேட்போம். கிளை ரோட்டைத் திருத்துவதும், பஸ் திருப்ப இடம் எடுப்பதும் பிரதேச சபையிடம். ஊவாவுக்குள் ஓடும் தனியார் பஸ்களின் வழி அனுமதி மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையிடம். கொழும்பு, கண்டி மாதிரி மாகாணம் தாண்டும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். நட்டப் பாதைகளுக்காக அரசாங்கம் பணம் கொடுத்து ஓட்டும் 'கெமி சரிய', பாடசாலைப் பிள்ளைகளுக்கான 'சிசு சரிய' சேவைகள் இருக்கின்றன. உங்கள் பாதைக்கும் அவற்றைக் கேட்கலாம்.

கேட்க முன்னால் கையில் ஆதாரம் வேணும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் பாதையில் எத்தனை பஸ்ஸுக்கு அனுமதி, எத்தனை மணிக்கு ஓடணும், எதுவரை போகணும் என்று எழுதிக் கேளுங்கள். மறுபக்கம், ஒரு கொப்பியில் ஒரு மாதத்துக்கு எந்த பஸ் எப்போது வந்தது, எந்த ட்ரிப் வரவில்லை, எங்கே இறக்கிவிட்டது என்று குறித்து வையுங்கள். ஹோல்ட்டில் தினமும் நிற்கிற ஏ.எல். பிள்ளைகள் நாலு பேர் முறை வைத்தால் போதும். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால், ஓடாத ட்ரிப் எது, அனுமதியே இல்லாத பாதை எது, பஸ் போகவே முடியாத ரோட்டு எது என்று தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் போகவேண்டிய கந்தோர் வேறு.