தூய்மை பேசினோரும் தூய்மை செய்தோரும்

வண்ணாரப்பேட்டை! வடசென்னையின் இந்தப் பெயரை நாள்தோறும் பேருந்துப் பலகையில் படிக்கிறோம். பெயருக்குள் உறங்கும் வரலாற்றைப் படிப்பதில்லை. கிழக்கிந்தியக் கும்பினியார் கடல் கடத்தி விற்ற துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர் குடியிருந்த பேட்டை இது. தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பேறிக் கிடக்கும். அதனை உவர்மண்ணில் புரட்டி, வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் விரித்து, கஞ்சியேற்றி மடித்தால்தான் சீமைச் சரக்காகும். ஊரின் அழுக்கை நீக்கிய கை, தூய கை. அந்தக் கைக்குரியவனைத்தான் தீட்டு என்றது சாத்திரம்!

தூய்மை செய்தவன் தாழ்ந்தவன். தூய்மை பேசியவன் உயர்ந்தவன். இந்த விந்தைக் கணக்கு நம் நாட்டில் மட்டுமா போடப்பட்டது? இல்லை, தோழர்களே! கடலுக்கு அப்பாலும் ஒரு கூட்டம் போட்டது. அந்தக் கூட்டத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் தொடர்பும் உண்டு. அந்தத் தொடர்பின் பெயர் எலிகு யேல்.

1649-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்து, சிறு குழந்தையாக இங்கிலாந்து சென்று, 1672-இல் கும்பினி ஊழியராகச் சென்னை வந்தவர் யேல். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கும்பினியின் வேலையோடு சொந்த வாணிகமும் நடத்திப் பெருஞ்செல்வம் திரட்டினார். வறுமையால் மனிதர் மனிதரை விற்ற காலம் அது. ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளையாவது ஏற்றவேண்டும் என்று 1687-இல் கோட்டை நிர்வாகம் கட்டளையிட்டது. மறு ஆண்டு அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது, கப்பலேறியவர்களோ திரும்பவில்லை.

இங்கிலாந்து திரும்பிய யேலுக்கு 1718-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு மடல் வந்தது. எழுதியவர் பாஸ்டனின் புகழ்பெற்ற போதகர் காட்டன் மேதர். கனெக்டிகட்டில் 1701-இல் தொடங்கப்பட்ட கல்விக்கூடம் பணமின்றித் தவிக்கிறது. உதவினால் உங்கள் பெயர் நிலைக்கும் என்பது மடலின் சாரம். யேல் 9 மூட்டைச் சரக்கும், 417 நூல்களும், மன்னரின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு விற்று 562 பவுன் கிடைத்தது. இந்தியத் தறிகள் உலகுக்கு அறிமுகம் செய்த மஸ்லினும் காலிக்கோவும் அந்த மூட்டைகளில் இருந்தன. கல்விக்கூடம் யேல் கல்லூரியாயிற்று. கொடுத்தவரின் பெயர் கோபுரம் ஏறிற்று. நெய்தவன் பெயரும் வெளுத்தவன் பெயரும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

யேல் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தவர். கொடையைப் பெற்றவர்களோ பியூரிட்டன் மரபினர். யார் அந்தப் பியூரிட்டன்கள்? தூய்மையாளர் என்பதே அப்பெயரின் பொருள். ஆங்கிலத் திருச்சபையில் சடங்கும் பகட்டும் மலிந்துவிட்டன என்று வெகுண்டெழுந்து, 1620 முதல் அமெரிக்கக் கரையில் குடியேறியவர்கள். அவர்கள் வழிபாட்டு மன்றத்தில் சிலை இல்லை, தூபம் இல்லை, அலங்காரம் இல்லை. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் விவிலியத்தில் ஆதாரமில்லை என்றனர். கொண்டாடினால் 5 ஷில்லிங் தண்டம் என்று 1659-இல் மாசசூசெட்சில் சட்டமே செய்தனர். 1681 வரை அது நீடித்தது. நம்மைவிடத் தீவிரமான சீர்திருத்தக்காரர்கள் என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள்!

பூசாரி இருந்த இடத்தில் போதகர் அமர்ந்தார். மேடையில் மணற்கடிகாரம். மணி கடந்தும் ஓடும் சொற்பொழிவு, ஞாயிறு காலையும் மாலையும். வராதவருக்குத் தண்டம். வந்தவரோ விரும்பிய இடத்தில் அமர முடியாது. செல்வமும் வயதும் தகுதியும் பார்த்து இருக்கை ஒதுக்கினர். முன்வரிசை கனவானுக்கு, கடைசி மூலை கருப்பருக்கு. திருச்சபை உறுப்பினரான ஆடவருக்கு மட்டுமே வாக்குரிமை. யாருக்கு மீட்சி, யாருக்கு நரகம் என்பதை ஆண்டவன் முன்பே முடிவு செய்துவிட்டான் என்பது அவர்கள் கொள்கை. நம் ஊர்த் தலையெழுத்துக்கு அது உடன்பிறப்பு! சொந்த நாட்டில் ஒடுக்கப்பட்டு ஓடிவந்த அவர்களே, வேறு வழியில் வணங்கிய குவேக்கர்களை ஒடுக்கினர். மேரி டயர் என்ற பெண்மணியை 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிட்டனர்.

பின்னர் வந்தது 1692. சென்னையில் யேல் பதவி இழந்த அதே ஆண்டு, சேலம் என்ற சிற்றூரில் - நம் சேலமன்று, மாசசூசெட்சின் சேலம் - சில சிறுமியர் வலிப்புற்றவர்போல் துடித்தனர். சூனியம் என்றனர் ஊரார். ஆவி உருவில் வந்து கிள்ளினாள் என்று ஒருத்தி சொன்னால் போதும், அது சாட்சியமாயிற்று! 19 பேர் தூக்கில் தொங்கினர். வாய் திறக்க மறுத்த முதியவர் ஒருவர் மார்பில் கல்லேற்றி நசுக்கப்பட்டார். யேலுக்கு மடல் எழுதிய மேதர், அந்த விசாரணைகளை ஆதரித்து 1693-இல் நூல் வெளியிட்டார். சிலையை அகற்றியவர்கள் பேயை அகற்றவில்லை! சடங்கை ஒழித்தவர்கள் அச்சத்தை ஒழிக்கவில்லை!

ஆயினும் அந்த இருளிலும் ஒருவர் விழித்தார். தூக்குத் தண்டனை விதித்த நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சீவல், 1697-இல் வழிபாட்டு மன்றத்தில், சபையார் அனைவரும் காண எழுந்து நின்றார். பழியையும் வெட்கத்தையும் தாம் ஏற்பதாக எழுதிக் கொடுத்த தாளைப் போதகர் படித்தார். "தவறினேன்" என்று சொல்லத் துணிந்த அதே மனிதர்தான், 1700-இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூல் எழுதினார். நியூ இங்கிலாந்தில் அச்சேறிய முதல் அடிமை எதிர்ப்பு நூல் அது. தன் பிழையைக் காணக் கற்ற கண்ணுக்குத்தான் அடுத்தவன் விலங்கும் தெரிந்தது!

இன்னொரு நன்மையையும் மறைத்தல் நேர்மையன்று. விவிலியம் படிக்க எழுத்தறிவு வேண்டுமென்று, 50 குடும்பம் உள்ள ஊரெல்லாம் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என 1647-இல் சட்டம் செய்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் அவர்கள் வழித்தோன்றல்களோடு தமிழ் மண்ணுக்கும் வந்தது. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்திலும், 1836-இல் சென்னையிலும் கால் ஊன்றியது. வண்ணாரப்பேட்டைக்கு அண்டையிலுள்ள இராயபுரத்திலும் அவர்களுக்கு நிலையம் இருந்தது. அவர்களுள் ஒருவரான வின்சுலோ 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ் அகராதியை 1862-இல் வெளியிட்டார். அவர்களுடைய வட்டுக்கோட்டைக் கல்லூரியில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை, போதகராகவில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடி 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். எழுத்தைக் கொடுத்தவன் எதைப் படிக்க வேண்டுமென்றும் கட்டளையிட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளை ஆராய்ந்து, 2024-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. சீவல் எழுந்து நின்று 300 ஆண்டுகளுக்குப் பின்னராவது நிறுவனமும் எழுந்து நின்றது. தீண்டாமையை நியாயப்படுத்திய நம் மடங்களில் எத்தனை அவ்வாறு எழுந்து நின்றன?

பிறரைக் கேட்கும் இக்கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம். 1949-இல் இதே இராயபுரத்தின் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் ஒரு மேடை எழுந்தது. அதன் வழிவந்தவர்கள் நாம். பிள்ளையார் இல்லாத வீடு என்று பெருமை பேசிவிட்டு, பெண் பார்க்கும்போது சாதி பார்த்தால், நாமும் கிறிஸ்துமஸை மட்டும் தடை செய்தவர்களே! கூட்டத்தில் சமத்துவம் முழங்கி, துணி வெளுப்பவரைத் திண்ணையோடு நிறுத்தினால், நம் மேடையிலும் மணற்கடிகாரம் ஓடுகிறது என்றே பொருள்.

சலவைத் தொழிலாளி தன் வேலையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. துணியை வெயிலில் விரித்துக் காட்டுகிறான். கறை இருந்தால் மீண்டும் துவைக்கிறான். பகுத்தறிவாளனுக்கும் அதுவே முறை. இளைஞர்களே! இன்றிரவு கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், முதலில் உங்கள் வீட்டுத் துணியை வெயிலில் விரியுங்கள்!