மணல்ல எழுதின பிள்ளைங்களும் எழும்பூர் துரையும்

ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்னு கடலோரமா ஒரு சின்ன ஊர் இருக்கு. கோல்ஃப் விளையாட்டுக்குப் பேர் போனது. அங்க 1833ல திறந்த ஒரு பள்ளிக்கூடம் இன்னைக்கும் நடக்குது. அதோட பேரு 'மெட்ராஸ் காலேஜ்'. மெட்ராஸுக்கே நாம மெட்ராஸ்னு சொல்றதை விட்டுட்டோம், அவங்க விடல.

இந்தப் பேரு அங்க போன கதை நம்ம பக்கத்துத் திண்ணையிலதான் ஆரம்பிக்குது. நகரத்துல இருக்கிற நீங்க, பிள்ளைங்களுக்கு எந்த ஆப் நல்லது, எந்த வகுப்பு ஆன்லைன்ல நல்லாயிருக்குன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. அதுக்கு நடுவுல இதையும் ஒரு தடவை படிச்சு வையுங்க.

ஆண்ட்ரூ பெல் அந்த செயின்ட் ஆண்ட்ரூஸ்லதான் 1753ல பிறந்தவர். பாதிரியார். 1787ல மெட்ராஸ் வந்தார். 1789ல எழும்பூர்ல ராணுவ அனாதைப் பையன்களுக்குன்னு கம்பெனிக்காரங்க ஒரு விடுதி ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்கார சிப்பாய்களோட பிள்ளைங்க, பெரும்பாலும் அம்மா இந்த நாட்டுக்காரி. பெல் அதுக்குப் பொறுப்பாளர். அங்க வேலை பார்த்த உதவி வாத்தியாருங்களுக்கும் அவருக்கும் ஒத்தே வரல. புதுசா ஏதாவது செய்யச் சொன்னா 'அதெல்லாம் நடக்காது' என்பாங்களாம்.

ஒரு நாள் காலையில குதிரையில போறப்ப ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். மலபார்னா கேரளா இல்லைங்க. அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க தமிழரை, தமிழைத்தான் மலபார்னு எழுதினாங்க. பிள்ளைங்க தரையில உட்கார்ந்து, முன்னாடி பரப்பின மணல்ல விரலால எழுதிக்கிட்டு இருந்தாங்க. பெல்லுக்கு சட்டுனு பொறி தட்டிச்சு. நேரா விடுதிக்கு வந்து, கடைசி வகுப்புக்கு இப்படியே எழுத்து சொல்லிக் கொடுங்கன்னார். வாத்தியார் முடியாதுன்னுட்டார். பெல் சளைக்கல. ஜான் ஃப்ரிஸ்கென்னு ஒரு சிப்பாயோட மகன், எட்டு வயசுப் பொடியன், அவனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவன் கையில கொடுத்தார். பையன் சொல்லிக் கொடுத்துட்டான்.

பெல் 1796ல ஊர் திரும்பினார். அடுத்த வருஷமே இந்தச் சோதனையைப் பத்தி லண்டன்ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 1798ல லங்காஸ்டர்னு இன்னொருத்தர் லண்டன்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு இதே மாதிரி ஒரு பள்ளி ஆரம்பிச்சார். யார் முதல்ல கண்டுபிடிச்சதுன்னு ரெண்டு பேர் கட்சிக்கும் பெரிய சண்டை. எங்க ஊர்ல அடுத்தவன் மாமரத்துக்கு ரெண்டு பேர் பட்டா கேட்ட கதை மாதிரி இருக்கு. சண்டை எப்படிப் போனாலும் 'மெட்ராஸ் முறை'ங்கிற பேர் நிலைச்சுது. இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடத்துல தட்டுல மணலைப் பரப்பிக் குழந்தைங்க எழுதினாங்க. கனடாவுலகூட மெட்ராஸ் பள்ளிங்க இருந்துச்சு. பெல் 1832ல செத்தப்ப லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில, அவங்க ராஜாக்களைப் புதைக்கிற கோயில்லயே புதைச்சாங்க.

மணல்ல எழுதின நம்ம பிள்ளைங்க பேரு மட்டும் ஒண்ணுகூட எழுத்துல இல்லை.

அந்தத் திண்ணைப் பள்ளி எப்படி நடந்துச்சுன்னு உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கைச் சரித்திரத்துல எழுதியிருக்கார். எங்க பாட்டன் சொல்லி எங்க அப்பா சொன்னதும் ஏறக்குறைய அதேதான். விடியறதுக்குள்ள பிள்ளை வந்துடணும். தரையில மணல். வாத்தியார் எழுத்தைச் சொல்லுவார், சட்டாம்பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லுவான், எல்லாப் பிள்ளையும் வாயால சத்தமா சொல்லிக்கிட்டே விரலால எழுதணும். கண்ணு, காது, வாய், விரல், நாலும் ஒரே நேரத்துல வேலை செய்யும். தப்பா எழுதினா உள்ளங்கையால ஒரு தள்ளு, மணல் மறுபடி வெறுமை. தப்பு பண்ணினதுக்கு அடையாளமே மிஞ்சாது. அடி மிஞ்சும், அது வேற விஷயம். கோதண்டம் போடறதுன்னு பையனைக் கயித்துல தொங்க விடுவாங்களாம். பழசெல்லாம் பொன்னுன்னு சொல்றவங்க இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

மணல்ல கை திருந்தின பிறகுதான் ஓலை. மாமல்லபுரத்துல இருந்து செய்யூர் வரைக்கும் பனைக்கு என்ன பஞ்சம்? குருத்தோலையைப் பதப்படுத்தி, நறுக்கி, எழுத்தாணியால கீறுவாங்க. கீறினா உடனே தெரியாது. மஞ்சளோ கரியோ பூசித் துடைச்சாத்தான் எழுத்து எழும்பி வரும். எண்சுவடிதான் கணக்குப் பாடம். அரைக்கால், மாகாணி, காணி, முந்திரின்னு கீழ்வாய் இலக்கம் பூரா மனப்பாடம். முந்திரின்னா 320ல ஒரு பங்கு. இன்னைக்கு பத்தாவது படிக்கிற பையன்கிட்ட 80ல ஒரு பங்கை நாலா பிரின்னு சொன்னா செல்போனைத் தேடுவான். அன்னைக்கு எட்டு வயசுப் பையன் வாய்ல வந்துடும். களத்துமேட்டுல நெல்லைப் பங்கு போடறப்ப ஏமாறக் கூடாதே, அதுக்குத்தான் அந்தக் கணக்கு.

சட்டாம்பிள்ளைதான் இதுல முக்கியம். பெல் துரை கொண்டு போனது மணலைன்னு எல்லாரும் சொல்றாங்க. என்னைக் கேட்டா சட்டாம்பிள்ளையைத்தான் கொண்டு போனார்னு சொல்லுவேன். இங்கிலாந்துக் கடற்கரையில இல்லாத மணலா? பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம், ஒவ்வொரு பிள்ளை கையும் ஒரே நேரத்துல வேலை செய்யலாம், அதுக்குக் காசும் வேணாம். அவர் கண்ட புதையல் இதுதான். பல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823ல அனுப்பின அறிக்கையிலயும், நம்ம நாட்டுப் பள்ளிக்கூடத்து முறையை இங்கிலாந்து எடுத்துக்கிட்டதை மெச்சித்தான் எழுதியிருக்கார்.

அந்த அறிக்கை எதுக்குன்னா, கவர்னர் தாமஸ் மன்ரோ 1822ல எல்லா ஜில்லா கலெக்டருக்கும், உங்க ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்க, என்ன சாதின்னு எழுதி அனுப்பச் சொன்னார். 1826ல கூட்டிப் பார்த்தா மாகாணம் பூரா 12,498 பள்ளி. செங்கல்பட்டு ஜில்லாவுல மட்டும் 500க்கு மேல. காந்தியவாதி தரம்பால் இந்தக் காகிதங்களையெல்லாம் தேடி எடுத்து 1983ல புத்தகமாப் போட்டார். பிராமணப் பிள்ளைங்க மட்டுந்தான் படிச்சாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. தமிழ் ஜில்லாக்கள்ல 'சூத்திரர்'னு குறிச்ச பிள்ளைங்கதான் பெரும்பங்கு.

இதைக் காட்டி நாம மார் தட்டிக்கலாம். ஆனா அதே கணக்குல இன்னொரு வரி இருக்கு. படிச்ச 1,88,650 பேர்ல பெண் பிள்ளைங்க 4,540. நூத்துக்கு மூணுகூட இல்லை. சேரிப் பிள்ளை ஊர்த் திண்ணையில ஏறி உட்கார முடியாதுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? மணல் எல்லாருக்கும் பொதுதான், அது கிடந்த திண்ணை பொதுவா இல்லை. எங்க செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891ல தாழ்த்தப்பட்ட மக்கள் நிலைமையைப் பத்தி எழுதின அறிக்கையாலதான் அடுத்த வருஷம் பஞ்சமி நிலம் வந்துச்சு. பஞ்சமர் கல்விக்குன்னு தனி அரசாணை வந்தது 1893ல. பெல் துரை மணலைப் பார்த்து நூறு வருஷம் கழிச்சு!

மணலுக்குப் பிறகு சிலேட்டு, கரும்பலகை. எங்க தலைமுறைக்கு சிலேட்டும் பல்பமும்தான். பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கிழமை சாயந்திரம் கரும்பலகைக்குக் கறுப்புப் பூசற வேலை எங்களுக்கு. அடுப்புக்கரியைப் பொடிச்சு, கோவை இலையும் ஊமத்தை இலையும் கசக்கிச் சேர்த்துத் தேய்க்கணும். கையெல்லாம் பச்சையும் கறுப்புமா வீட்டுக்குப் போவோம். ரொம்பப் பெருமையா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, பலகை பெரிசாச்சு, அதுல எழுதற கை ஒண்ணாப் போச்சு. வாத்தியார் எழுதுவார், நாப்பது பேர் பார்ப்போம். அந்தப் பலகையும் எல்லாப் பள்ளிக்கும் கிடைச்சுதான்னா, இல்லை. 1987ல மத்திய அரசு 'கரும்பலகைத் திட்டம்'னே ஒண்ணு கொண்டு வந்துச்சு. ரெண்டு அறை, ரெண்டு ஆசிரியர், கரும்பலகை, வரைபடம், விளையாட்டுச் சாமான். சுதந்திரம் வாங்கி 40 வருஷம் கழிச்சு இது.

இங்கிலாந்துல மெட்ராஸ் முறை ரொம்ப நாள் ஓடல. ஒரு வாத்தியார், நூத்துக்கணக்கான பிள்ளைங்க, நடுவுல பொடிப் பசங்க மேஸ்திரி மாதிரி. செலவு கம்மின்னு பணக்காரங்களுக்குப் பிடிச்சுது, ஆனா எட்டு வயசுப் பையன் தனக்குத் தெரிஞ்சதை ஒப்பிக்க வைப்பானே தவிர, புரியாத பிள்ளைக்கு ஏன் புரியலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? 1846ல இருந்து ஆசிரியர் வேலைக்குன்னே வளர்ந்த பையன்களைப் பழக்கற முறை வந்துச்சு. சென்னையில 1856ல ஆசிரியர் பயிற்சிக்கு நார்மல் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னாடி சைதாப்பேட்டை கல்லூரி.

இதெல்லாம் இப்ப எனக்கு ஏன் ஓடுதுன்னா, எங்க அண்ணன் பொண்ணு பி.எட். ரெண்டாம் வருஷம். கணக்குப் பாடம். கடலோரத்துல ஒரு அரசுப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகணும். நவரை நாத்து நட்ட கையோட நான் உட்கார்ந்திருந்தா, லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வந்து, "சித்தப்பா, இதைப் பாரேன்"னு ஒவ்வொண்ணாக் காட்டுது. ஜியோஜீப்ரான்னு ஒண்ணு. முக்கோணத்தோட மூலையைப் பிடிச்சு இழுத்தா கோணமெல்லாம் மாறுது, மூணையும் கூட்டினா மட்டும் 180 மாறவே மாட்டேங்குது. ஆஸ்திரியாவுல ஒரு மாணவர் 2001ல தன் படிப்புக்காகச் செஞ்சதாம், இலவசம். அசந்துட்டேன். எனக்கு அப்படி யாரும் காட்டியிருந்தா கணக்கைக் கண்டு ஓடியிருக்க மாட்டேன். அப்புறம் காஹூட்னு ஒரு வினாடி வினா. பாட்டு, கலர் எல்லாம் வருது, ஆனா பிள்ளைங்க பதில் சொல்ல ஆளுக்கு ஒரு போன் இல்ல கம்ப்யூட்டர் வேணும்.

"அந்தப் பள்ளியில எத்தனை பிள்ளை வீட்ல போன் இருக்கு?"ன்னேன்.

"இருக்கும் சித்தப்பா. அதை அப்பாங்க போட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

2020 மார்ச்சுல பள்ளிக்கூடத்தை மூடினப்ப நாம பார்த்ததுதானே இது. 2019 ஆகஸ்டுல தொடங்கின கல்வித் தொலைக்காட்சி அப்ப பெரிய உதவி, மறுக்கல. பாடப் புத்தகத்துல 2018ல இருந்து க்யூ.ஆர். கோடு இருக்கு, ஸ்கேன் பண்ணினா திக்ஷாவுல படம் வரும். ஆனா போன் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டம் திறந்துச்சு, மத்தவங்களுக்கு அது வெறும் கறுப்புக் கட்டம். திண்ணையில ஏற விடாத கதைதான், இந்தத் தடவை யாரும் விரட்டல, தானா நடந்துச்சு. அரசாங்கமே அதைப் பார்த்துட்டு 2021 அக்டோபர்ல 'இல்லம் தேடிக் கல்வி'ன்னு தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை உட்கார வெச்சுது. எங்க தெருவுல ஒரு மருமகப் பொண்ணு திண்ணையில இருபது பிள்ளைங்களைச் சேர்த்து வெச்சுச் சொல்லிக் கொடுத்தாள். பெல் துரை குதிரையில வந்திருந்தா மறுபடியும் நின்னிருப்பார்.

இதுக்கு முன்னாடியும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல விஜயகுமார்னு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சார். ரிஷிவேலி பள்ளிக்காரங்க செஞ்சதைப் பார்த்துட்டு வந்து செஞ்சது. அட்டைகளை எடுத்துப் பிள்ளை தன் வேகத்துல படிக்கும். சுவரோரம் கீழ, பிள்ளை உட்கார்ந்த உயரத்துக்கே கரும்பலகை பூசி, ஆளுக்கு ஒரு கட்டம். பல வருஷம் கழிச்சு சாக்பீஸ் பிள்ளை கைக்கு வந்துச்சு. 2007ல மாநிலம் பூரா போச்சு. அதைக் குறை சொன்னவங்களும் உண்டு. அந்தக் கீழ்ப் பலகையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பொண்ணு ஒரு வாரம் தேடி, கடைசியில பிளிக்கர்ஸ்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கு. பிள்ளைங்களுக்குப் போனே வேணாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை, நடுவுல கறுப்புக் கோலம் மாதிரி ஒரு குறி. ஒவ்வொரு அட்டையிலயும் குறி வேற. கேள்வி கேட்டதும் பிள்ளை தன் பதிலுக்கு ஏத்த பக்கம் மேல வர மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடிக்கணும். டீச்சர் ஒரே ஒரு போனை வகுப்பு மேல சுத்திக் காட்டினா, யார் என்ன சொன்னாங்கன்னு மொத்தமா வந்துடுது. பக்கத்துப் பிள்ளைக்கு என் பதில் தெரியாது. கை தூக்கவே கூச்சப்படற கடைசி வரிசைப் பொண்ணும் பதில் சொல்லியாகணும், தப்பா சொன்னாலும் யாரும் சிரிக்க முடியாது.

எந்தப் பிள்ளைக்குப் புரியலன்னு அது காட்டும். ஏன் புரியலங்கிறதைப் பக்கத்துல உட்கார்ந்து இவதான் பார்க்கணும், அதுக்குத்தான் ரெண்டு வருஷப் படிப்புன்னு நான் சொன்னேன். "தெரியும் சித்தப்பா, நீ பசை காயறதுக்குள்ள அழுத்திப் பிடி"ன்னுது. முப்பத்தி ரெண்டு அட்டை, போன வருஷத்துக் காலண்டர் அட்டையில ஒட்டறோம். முதல் கேள்வி நான் கொடுத்தது: ஒரு காணி நிலம், எங்க செங்கல்பட்டுக் கணக்குல 1.32 ஏக்கர். அதுல அரைக்கால் பங்கு எவ்வளவு? நாலு விடைல மூணு தப்பா இருக்கணுமாம். அந்த மூணு தப்பைப் பொருத்தமா யோசிக்கறதுதான் கஷ்டமான வேலைன்னு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்துச்சு.